ஒரு மணிக்கு மேல்

ஜூலை 3, வியாழன்

மூன்றாவது தடவையாகக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. போன இரண்டு தடவையும் அதே வார்த்தைதான். குரலில்கூட மாற்றமில்லை.

இந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இரண்டு வருடக் கட்டாயப் பணி மே மாதமே முடிந்துவிட்டது. ஆனாலும் இங்கேயே இருக்கிறேன். தண்டனை முடிந்தவனை, வெளியே விடக் கையெழுத்துப் போட ஆளில்லை என்று உள்ளேயே வைத்திருப்பது மாதிரி. நகரத்தில் பெரிய லேபில் இடம் தயார். கூடப் படித்த சோடாபுட்டி அங்கேதான் இருக்கிறான். இந்த மாதக் கடைசி வரை எனக்காக இடத்தைப் பிடித்து வைக்க அவன் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருக்கிறான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம், விடுவிப்பு ஆணை.

இன்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். "நீங்க என்னை விடறீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்றேன். அவர் ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் காது வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீ போனா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுதான் வைத்தியம் பாக்கணும்" என்றார்.

அது உண்மை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது. மலேரியா மலிந்த ஊர் இது. சாதாரண ஆளுக்கு வந்தால் ஒரு வாரம் படுக்கை. கர்ப்பிணிக்கு வந்தால் அவள் ரத்தத்தையும் தின்று, குழந்தைக்குப் போவதையும் மறித்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையோடு போகும். கண்டுபிடிக்க இந்த நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு மைக்ராஸ்கோப்பும் நானும். துளி ரத்தத்தில் உடனே சொல்லும் கிட் ஏப்ரலோடு தீர்ந்தது. கேட்டு எழுதியதற்கு "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த லேபுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஆக, நன்றாக வேலை செய்கிறேன், அதனால் போக முடியவில்லை. மட்டமாகச் செய்திருந்தால் எப்போதோ அனுப்பியிருப்பார்கள் போல.

ஜூலை 5, சனி

என் அறை மருந்துக் கிடங்குக்குப் பின்னால். முன்பு உடைந்த கட்டில்கள் போட்டிருந்த இடம். இப்போது நான் போட்டிருக்கிறேன், என்னையே. ஒரே ஜன்னல். திறந்தால் ஒரு கை தூரத்தில் சுவர். சுவரில் ஒரு பல்லி. அதுவும் இரண்டு வருடமாக மாற்றல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

பேரம் படிந்துவிட்டது!

இருபத்திரண்டாம் தேதி தரச் சான்றிதழுக்குப் பார்வைக் குழு வருகிறது. சான்றிதழ் கிடைத்தால் இரண்டாவது லேப் டெக்னீஷியன் பணியிடம் தருவார்கள். "ஆள் வர்ற வரைக்கும்கூட உன்னை நிறுத்தமாட்டேன். சான்றிதழ் கையில வந்த அன்னிக்கே கையெழுத்து" என்றார் டாக்டரம்மா. ஹெட் நர்ஸ் முன்னால்தான் சொன்னார். சாட்சி இருக்கிறது.

சான்றிதழ் கிடைக்கும். எப்படித் தெரியும் என்றால், அவர்கள் முக்கியமாகப் பார்க்கப்போவது என் வேலையைத்தான்.

நான் வந்த புதிதில் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியைக் காய்ச்சல் வரிசையில் இருப்பவர்கள் "நீ கர்ப்பிணி வரிசைக்குப் போம்மா" என்பார்கள். கர்ப்பிணி வரிசையில் "காய்ச்சலா, அப்ப அங்க போ". நடுவில் வராந்தாவில் அவள் பந்து மாதிரி உருளுவாள். மதியம் ஆனதும் வீட்டுக்குப் போய்விடுவாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஓட்டை மஞ்சள் வாளி ஒன்றை வெட்டி, உள்ளங்கை அளவில் முப்பது வில்லை செய்தேன். வாசலில் ஹெட் நர்ஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இருந்தால் கையில் ஒரு மஞ்சள் வில்லை தருவார். வில்லை வைத்திருப்பவள் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம், நேராக என் ஜன்னலுக்கு வரலாம். அரை மணிக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். எடுத்தால் சுவர் அட்டவணையில் பச்சைப் புள்ளி, தவறினால் சிவப்பு.

முதல் மாதம் அட்டவணை அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. இப்போது ஐந்து வாரமாக ஒரு சிவப்பு இல்லை. முழுக்கப் பச்சை.

ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "ஸ்லைடு சார், இதுல மாடு மேய்க்கலாம் போலிருக்கே" என்றார். ரத்தம் தேய்த்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டின் பெயரே எனக்கும்; இங்கே எல்லோருக்கும் நான் ஸ்லைடுதான்.

ஜூலை 9, புதன்

வில்லைகளை எண்ணினேன். பதினொன்று இருக்கிறது. மீதி எங்கே?

துப்புரவு அக்காவிடம் கத்திவிட்டேன். அவர் பிள்ளைகள் சாயங்காலம் இங்கே விளையாடுவார்கள், எடுத்திருப்பார்கள் என்று. "என் பிள்ளைங்க உன் வாளித் துண்டை வச்சு என்னப்பா பண்ணப்போகுது" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஹெட் நர்ஸ் பிரசவ அறையில் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு வில்லைக்கு மேல் தேவைப்படாது, பதினொன்று போதும்.

ஒரு பொருளைக் கொடுத்தால் திருப்பி வைக்கத் தெரியாத கூட்டம்.

ஜூலை 12, சனி

அம்மா போன். எதிர்வீட்டுக்காரர்களிடம் நான் டாக்டர் என்றே சொல்லி வைத்திருக்கிறாள். இல்லை என்றால், "ரத்தம் பாக்கறவன் டாக்டர் இல்லாம வேற யாருடா" என்கிறாள். எப்போ வருவே என்றாள். மாதக் கடைசி என்றேன். "போன மாசமும் அதானே சொன்னே." பேச்சை மாற்றினேன்.

ஜூலை 15, செவ்வாய்

பெயிண்ட் வாசம். வராந்தா பெஞ்சுக்கெல்லாம் நீலம் அடித்தார்கள். ஒரு பாட்டி காயுமுன் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் நீலக்கோடு மூன்று. துப்புரவு அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.

என் ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்பு மங்கிப்போயிருந்தது. சிவப்பு மையில் புதிதாக எழுதி ஒட்டினேன். "ஒரு மணிக்கு மேல் ரத்தம் எடுக்கப்படாது." அதன் கீழ் "ஆய்வகம்" என்று கொஞ்சம் சின்னதாக. மதியத்துக்கு மேல் தொட்டியில் தண்ணீர் இருப்பதில்லை. சாயம் போட்ட ஸ்லைடைக் கழுவ முடியாது. காலையில் எடுத்ததையெல்லாம் சேர்த்துச் சாயம் போட்டு, பார்த்து, மூன்று மணிக்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் அறைக்குப் போய்ப் படிக்கலாம். நகரத்து லேபில் எல்லாம் மெஷின். அதைப் பற்றிப் படிக்காமல் போய் நின்றால் சிரிப்பார்கள்.

ஜூலை 17, வியாழன்

மின்சாரம் இல்லை. தண்ணீர் இல்லை. பொறுமையும் இல்லை.

ஜூலை 19, சனி

இன்று நடந்ததை எழுதிவைக்கிறேன். 

மதியம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். டிரைவர் அண்ணன் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண். ஏழு மாதம். சூளை மேட்டிலேயே விழுந்திருக்கிறாள். உதடு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உடம்பு கொதித்தது. பேச்சு குழறியது. கூட அவள் மாமியார்.

ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே. தண்ணீருக்கு என் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து ஸ்லைடைக் கழுவினேன். லென்ஸை எங்கே நகர்த்தினாலும் ஒட்டுண்ணி. எண்ண வேண்டியதே இல்லை. ஒரு வாரமாவது ஆகியிருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். டாக்டரம்மா ஊசி போட்டார். ரத்தம் ஏற்ற இங்கே வசதி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி திருப்பப்பட்டது.

அந்த இடைவெளியில்தான் நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல. மாமியாரைப் பார்த்து, "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? விழற வரைக்கும் வேலை வாங்கிட்டு இப்ப தூக்கிட்டு வர்றீங்களா?" என்றேன்.

 அந்த அம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். என் ஜன்னல் பலகையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

மூன்று மஞ்சள் வில்லை.

"மூணு தடவை வந்தோம்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் இதைக் குடுத்து, பத்திரமா வச்சுக்கோ, நாளைக்குக் காலையில வா, முதல்ல விடுவாங்கன்னாங்க. காலையில எப்படி வர்றது? விடியறப்போ சூளையில நிக்கலேன்னா அன்னிக்கு வேலை இல்லை. மத்தியானம் விட்டதும் நேரா இங்கதான் வந்தோம். மூணு தடவையும்."

வண்டி கிளம்பிவிட்டது. அந்த அம்மாவும் ஏறிப் போய்விட்டாள். வில்லைகள் பலகையிலேயே கிடந்தன.

எனக்கு மேலே, கண்ணாடியில், சிவப்பு மையில். என் கையெழுத்து.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் ஹெட் நர்ஸ் வீட்டுக்கே போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன். எப்படி சிஸ்டர் அப்படி அனுப்பினீங்க என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நீதானே தம்பி எழுதி ஒட்டினே, ஒரு மணிக்கு மேல எடுக்கமாட்டேன்னு. ஒரு தடவை ஒருத்தியை ஒண்ணேகாலுக்குக் கூட்டிட்டு வந்தேன். என்ன கத்து கத்தினே. அதான் பாவமேன்னு வில்லையைக் குடுத்து, நாளைக்கு வந்தா நிக்காம போகட்டும்னு..."

ஞாபகம் இருக்கிறது. கத்தினேன். ஒன்றேகால்தான்.

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீ என்கிட்ட கேக்கவே இல்லையே. துப்புரவு அக்காவைத்தான் திட்டினே."

வந்தவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அவள் வந்ததாகவே கணக்கில்லை. அடுத்த நாள் காலை வந்தால் அன்றுதான் வந்தாள், பச்சைப் புள்ளி. வராமலே போனால் புள்ளியே இல்லை. ஐந்து வாரமாகச் சுவரில் நான் பார்த்துப் பூரித்தது இதைத்தான். சிஸ்டர் மோசம் செய்யவில்லை. என் நோட்டீஸுக்கும் என் கோபத்துக்கும் நடுவில் அவருக்குத் தெரிந்த ஒரு இரக்கத்தைச் செய்திருக்கிறார்.

முப்பதில் பதினொன்று போக, அந்த அம்மாவின் மூன்று போக, மீதி பதினாறு வெளியே. யார் யார் வீட்டில்?

சிஸ்டர் துவைத்ததை அப்படியே போட்டுவிட்டுக் கூட வந்தார். டிரைவர் அண்ணனுக்கு விடுமுறை. சாவியை மட்டும் கேட்டேன். "என் வண்டியை நீ ஓட்டினா அதுக்கும் ரத்தம் ஏத்தணும்" என்று அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

சூளைக் குடியிருப்பு. தகரமும் தார்ப்பாயுமாக ஒரு வரிசை. செங்கல் எடுக்க மண் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர். கொசு அங்கேதான் வளர்கிறது, இவர்கள் பக்கத்திலேயே படுக்கிறார்கள். ஒரு வீட்டில் வில்லையை நூலில் கோத்துக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால். ஒருத்தி தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தாள். தொலைத்தால் திட்டுவார்கள் என்று பயமாம். பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எல்லோரும். திருப்பி வைக்கத் தெரியாத கூட்டம் என்று நான் எழுதினேனே.

ஒன்பது பெண்களிடம் ரத்தம் எடுத்தேன். சாயங்காலம் பார்த்ததில் நான்கு பேருக்கு மலேரியா. டாக்டரம்மா மாத்திரை எழுதினார், சிஸ்டர் திரும்பப் போய் முதல் வேளையைக் கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டு வந்தார். இரண்டு வில்லைக்காரிகள் கிடைக்கவில்லை. வேறு சூளைக்குப் போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை இல்லை.

ஜூலை 21, திங்கள்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணையை எடுத்துவிடலாம், அல்லது நாளை வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"எட்டு வருஷம் ஆச்சு நான் இங்க வந்து" என்றார். "மாற்றல் கேட்டு எழுதி எழுதி விட்டுட்டேன். நாளைக்கு அந்தச் சான்றிதழ் வந்தா இன்னொரு டெக்னீஷியன் வருவான். மதியமும் லேப் ஓடும். கிட் முதல்ல நமக்கு வரும். நீயும் போயிடலாம். சொன்னா எதுவும் வராது. அப்ப சூளைக்காரிகளுக்கு எது நல்லது, நீயே சொல்லு."

 கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கிடைக்கவில்லை.

"நாளைக் கழிச்சுப் பேசலாம்" என்றார்.

அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு ஒரு நாள். என்னால் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா? சோடாபுட்டி மெசேஜ் போட்டிருக்கிறான்: "மச்சான், உனக்கு மேஜை துடைச்சு வச்சாச்சு."

அந்த மூன்று வில்லையும் சட்டைப் பையில் இருக்கிறது. குனிந்தால் சத்தம் போடுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

மூன்று பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் பை. தலைவரான அம்மா நல்ல மாதிரி. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், வாளியைக்கூட. சிஸ்டரின் பிரசவ அறையில் மேஜை விளிம்பை விரலால் தடவி, விரலைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சுத்தம். கடைசியில் எல்லோரையும் உட்கார வைத்து, வில்லை யோசனை அருமை, மற்ற நிலையங்களுக்கும் சொல்லப்போகிறோம், அதைச் செய்த பையன் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மற்ற நிலையங்களுக்கும்.

அதுவரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இதே அட்டவணை, இதே பச்சை, இன்னும் எத்தனை வாசலில்? எத்தனை தலையணை உறையில்?

எழுந்தேன். மூன்று வில்லையையும் மேஜையில் வைத்தேன். "இது காலையில வந்தவங்க கணக்கு மட்டும்தான்" என்றேன். "மத்தியானம் வந்தவங்களை நாளைக்கு வான்னு அனுப்பிட்டோம். அவங்க இந்தச் சுவர்ல இல்லை. ஒருத்தி மூணு தடவை வந்தா. அவ குழந்தை போயிடுச்சு. ஒரு மணிக்கு மேல எடுக்கமாட்டேன்னு எழுதி ஒட்டினது நான்."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் தேவையில்லை. "வில்லையைக் குடுத்து அனுப்பினது நான்" என்று அவரே சொன்னார். டாக்டரம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவரம்மா நிறைய எழுதிக்கொண்டார். சான்றிதழ் இப்போது இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வருவார்களாம்.

ஜூலை 23, புதன்

யாரும் யாரோடும் பேசவில்லை. துப்புரவு அக்கா மட்டும் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை 31, வியாழன்

சோடாபுட்டி போன். "வேற ஒருத்தனைப் போட்டுட்டாங்கடா." சரி என்றேன். பல்லி சுவரிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நோட்டீஸைக் கிழித்தேன். நகத்தால் சுரண்டச் சுரண்ட "ஒரு" மட்டும் போகவில்லை. இருக்கட்டும்.

டிரைவர் அண்ணன் எங்கிருந்தோ இரண்டு பெரிய பீப்பாய் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினார். காலையில் தண்ணீர் வரும்போதே நிரப்பிவிட்டால் ஸ்லைடு கழுவச் சாயங்காலம் வரை தாங்கும். இது இரண்டு வருடமாக ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றியிருந்தால் மதியம் படிக்க முடியாது. அதனால்தான் தோன்றவில்லை.

இப்போது மதியம் முழுக்க ஜன்னலில் நிற்கிறேன். சூளை விட்டதும் செம்மண் காலோடு வருகிறார்கள். படிப்பு நின்றது. முன்பு பாதி நாள் சிறை. இப்போது முழு நாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டரம்மா கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே விடுவிப்பு ஆணை. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. தேதி மட்டும் இல்லை.

"தேதியை நீயே போட்டுக்கோ. நான் போடமாட்டேன்" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நீ சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். சொல்லியிருக்கமாட்டேன்" என்றார்.

உறையை ஸ்லைடுப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் பூட்டின ஆள் யாரென்று தெரியும், திட்டலாம். இப்போது சாவி என்னிடம். யாரைத் திட்டுவது? நாளையே தேதி போட்டால் இரண்டு மணிக்கு அந்த ஜன்னலில் யார்? இது என்ன தண்டனை? தெரிந்தேதான் கொடுத்தாரா? கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 18, திங்கள்

வழி ஒன்றுதான். யாராவது கற்றுக்கொள்ள வேண்டும். டாக்டரம்மாவுக்கு நேரமில்லை. டிரைவர் அண்ணன் லென்ஸில் பார்த்துவிட்டு, "எல்லாம் வானத்துல நட்சத்திரம் மாதிரிதான் தெரியுது, இதுல எது நல்லது எது கெட்டது" என்கிறார். மீதி சிஸ்டர்.

முதல் நாள். சாயத் துகளை ஒட்டுண்ணி என்றார். ஒட்டுண்ணியைத் தூசி என்றார். நான் "ஐயோ" என்றேன். "நீ ஐயோங்கறதை நிறுத்தினா எனக்குத் தெரியும்" என்றார். நிறுத்தினேன். அப்போதும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பத்து ஸ்லைடில் ஆறு தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே கடித்துவிட்டேன். ரத்தம். சிஸ்டர் சிரித்த சிரிப்பில், "அதையும் ஸ்லைடு போடு தம்பி, கத்துக்கறேன்" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவள் வந்தாள். சூளையில் விழுந்தவள். அவளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை, அவளும் மாசமாக இருக்கிறாள், கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு முகம் இவ்வளவு சின்னது என்று அன்று தெரியவில்லை.

என்ன சொல்வது? நான் வாயைத் திறக்குமுன், அந்தப் பெண்ணிடம், "இவர்தான். ஊசி வலிக்காது, பேச்சுதான் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு மலேரியா இல்லை. நான் இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறையும்.

செப்டம்பர் 25, வியாழன்

பத்தில் ஒன்று தப்பு. அந்த ஒன்றும் சண்டை. சிஸ்டர் விடமாட்டேன் என்கிறார். டாக்டரம்மாவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டோம். அவர் பார்த்துவிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா என்றார்.

அட்டவணையில் இப்போது மதியத்துக்குத் தனி வரிசை. சிவப்பு நிறைய. சிவப்பைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பதற்றம் குறைகிறது. ஆள் வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அக்டோபர் 14, செவ்வாய்

சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்ற ஏணியில் ஏறியிருந்தேன். மூன்று மணி இருக்கும். ஏணியிலிருந்து வாசல் தெரிந்தது.

ஒரு பெண் வந்தாள். புது முகம், சூளை மண் கால். சிஸ்டர் நெற்றியைத் தொட்டார், வில்லையைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பி வெளியே நடக்க ஆரம்பித்தாள். சூளையில் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வில்லை கொடுத்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று. நாம் சொல்லிக்கொடுத்ததுதான்.

நான் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் சிஸ்டர் படியிறங்கி ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு. "எங்கம்மா போறே? நாளைக்கு இல்லை, இப்பவே. வா" என்று தோளைப் பிடித்துத் திருப்பினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து அவரே விரலில் குத்தி, அவரே தேய்த்து, சாயம் போட்டு, பீப்பாயில் மொண்டு கழுவினார். லென்ஸில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நான் கையில் பழைய பேட்டரியோடு கதவருகே நின்றேன். எட்டிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை.

எழுதி முடித்து டாக்டரம்மா அறைக்கு எடுத்துப் போனார். மாத்திரையோடு வந்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் விழுங்கும் வரை நின்றார். வில்லையைக் கேட்டு வாங்கி ஆணியில் மாட்டினார்.

சாயங்காலம் அந்த ஸ்லைடைப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

உறையை எடுத்துத் தேதி போட்டேன். அக்டோபர் முப்பத்தொன்று. எங்கே போவேன் என்று இன்னும் தெரியவில்லை. சோடாபுட்டி வேறு இடம் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

மை காயும் வரை ஆய்வகக் கதவருகே நின்றேன். வராந்தாவில் ஆள் நடமாட்டம், ஜன்னலில் இன்னும் இரண்டு பெண்கள், சிஸ்டர் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.